ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு குழலில் ஈயம் படிதல்

உங்கள் ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு (பின்புற மூடி மேல்நோக்கித் திறக்கும் பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) குழலில் ஈயம் படிவதைத் தடுக்க, குண்டின் உலோகக் கலவையைக் கடினமாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது இதற்கு முதல் தீர்வன்று. உங்கள் .458 அங்குல வார்ப்புக் குண்டு, இந்த 1873 மாதிரித் துப்பாக்கியின் குழலுக்குச் சிறியதாக இருப்பதே பெரும்பாலும் காரணம். இடைவெளியில் கசியும் சூடான வாயு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும்.

துப்பாக்கி காலியாக உள்ளதை உறுதிசெய்து, எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈயத்துண்டைத் தள்ளி எடுத்து அளந்து பாருங்கள். இக்குழலில் மூன்றே வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) இருப்பதால் ஒன்றுக்கு நேரெதிரே மற்றொன்று இராது; எனவே சாதாரண மைக்ரோமீட்டர் சரியான அளவைக் காட்டாது. வி-வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டரே வேண்டும். குண்டு அந்த அளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரியதாக இருக்கட்டும்.

பெரிய குண்டிட்ட தோட்டா அறைக்குள் தடையின்றி நுழையாவிட்டால் அதைச் சுடவே கூடாது. வெடிமருந்தின் அளவையும், இத்துப்பாக்கியின் தோட்டா வகையான .45-70-க்குரிய கையேடுகளில் ட்ராப்டோருக்கென்று தனியாக உள்ள பகுதியிலிருந்து மட்டுமே எடுங்கள். வலிமை மிகுந்த பிற்காலத் துப்பாக்கிகளுக்கான அளவுகள் இதை உடைத்துவிடக்கூடும்.