வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மூளையின் நடுவில் 12 மில்லிமீட்டர் கொலாய்டு நீர்க்கட்டி இருக்கிறது. மண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி எடுக்க வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் அந்த வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ட்ரில் வழுக்கினால்? குழாய் போகும் வழியெல்லாம் மூளை கிழியாதா? பழைய மனிதராகத் திரும்புவாரா? தீபாவளி முடியட்டும் என்கிறார் அவர். தலைவலிக்குப் பனடோல் போடுகிறார், வல்லாரை லேகியமும் சாப்பிடுகிறார். போன வாரம் வலி அதிகமாகி வாந்தி எடுத்தார், அப்படியே தூங்கிவிட்டார், மாலையில் சரியாகிவிட்டது. சென்னைக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா? முடியை முழுக்க மழிப்பார்களா?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: ட்ரில் கிடக்கட்டும். வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும். இங்கே பதில் வெளியாகும்வரை காத்திருக்க முடியாது என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: அறுவை மருத்துவரிடம் இதை உடனே சொல்லுங்கள், தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று. மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் மூளைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீர் சுரக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலுமாக எந்த நேரத்திலும் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். ஆக, சுரந்துகொண்டே இருக்க வேண்டும், வடிந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் கணவருடைய கட்டி இருக்குமிடம், இரண்டு பக்க நீரறைகளிலிருந்தும் நீர் நடு அறைக்குள், அதாவது மூன்றாவது நீரறைக்குள், இறங்கும் வாசல். கட்டி புற்றுநோய் இல்லை. அது பாட்டுக்கு வருடக்கணக்கில் சும்மா இருக்கலாம். ஆனால் வாசலை அடைத்துவிட்டால், உள்ளே சுரப்பது நிற்காது. அழுத்தம் ஏறும். முதலில் கடுமையான தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் அசதி.

அந்த அசதியில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. "வலி விட்டுவிட்டது, பாவம், தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அது ஓய்வாக இல்லாமல் நினைவு தப்புவதன் தொடக்கமாகவும் இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரே போகக்கூடும். போன வாரம் அடைப்பு தானாக விலகியிருக்கலாம். அடுத்த முறையும் விலகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே தலைவலியோடு வாந்தி வந்து அவர் மந்தமானாலோ, பேச்சு குழம்பினாலோ, நடக்கும்போது கால்கள் திடீரென்று மடங்கி விழுந்தாலோ, உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். டாக்சி பிடிக்க வேண்டாம், பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். தூங்குகிறார் என்றால் எழுப்பிப் பேச வையுங்கள். சரியாக எழவில்லை என்றால் அதுவே போதுமான காரணம். 'மூன்றாவது நீரறையில் கொலாய்டு கட்டி' என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள், ஸ்கேன் அறிக்கையையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.

அப்படி அவசரமாகப் போனாலும் மண்டையில் துளை போடத்தான் போகிறார்கள். உள்ளே அழுத்தத்தைக் குறைக்க ஒரு மெல்லிய குழாயை, தேவைப்பட்டால் இரண்டு பக்கமும், நீரறைக்குள் செலுத்தி நீரை வடிப்பார்கள். கட்டி அப்போதும் உள்ளேயே இருக்கும். ட்ரில்லுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவருக்கு, அதே ட்ரில் நள்ளிரவில் வந்து சேரும். உங்கள் கணவரிடம் இதை இப்படியே படித்துக் காட்டுங்கள்.

சரி, இப்போது அந்த வீடியோக்கள். மண்டையோட்டைத் துளைக்கும் ட்ரில்லின் முனை, எலும்பு எதிர்த்து நிற்கும்வரைதான் சுழலும். எலும்பைக் கடந்து எதிர்ப்பு போனதும் ட்ரில்லுக்குள் இருக்கும் பிடி தானாகக் கழன்று முனை நின்றுவிடும். எந்தக் கருவிக்கும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது, ஆனால் மருத்துவரின் கைப்பலத்தை மட்டும் நம்பி நடக்கிற காரியம் இல்லை இது. எலும்புக்கு அடியில் தடித்த உறை ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சிறு கத்தியால் திறப்பார்கள்.

மூளையைத் தகடு வைத்து விலக்கிப் பிடிக்கும் வீடியோவைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தகடுகள் இன்றும் சில அறுவைகளுக்கு வேண்டும். ஆனால் அவற்றுக்கு ஒரு குறை உண்டு. தகட்டின் விளிம்பு ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், பின்னால் வீக்கம் வரும். அந்தக் குறைக்காகத்தான் குழாயே வந்தது. அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். குழாய்க்குள் மழுங்கிய முனையுள்ள ஒரு தண்டு இருக்கும். அது வெட்டிக்கொண்டு போகாது. சீப்பின் காம்பால் வகிடு எடுப்பது போல நரம்பிழைகளை ஒதுக்கிக்கொண்டு போகும். நீரறையை அடைந்ததும் தண்டை உருவிவிடுவார்கள், குழாய் மட்டும் சுவராக நிற்கும். பல குழாய்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், சுவருக்கு வெளியே ரத்தம் கசிந்தாலும் தெரியும். எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய கருவி) முறை என்றால் வழி இன்னும் ஒடுக்கம், சுமார் 6 முதல் 8 மில்லிமீட்டர். கட்டிக்குள் இருப்பது கூழ் மாதிரியான பொருள். அதை உறிஞ்சிவிட்டு, உறையை முடிந்தவரை எடுப்பார்கள்.

வழியும் கண்மூடித்தனமானது இல்லை. பெரும்பாலும் வலது முன்பக்கம், நடுக்கோட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித் துளையிடுவார்கள். பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பக்கம். கை கால்களை அசைக்கும் பகுதி இன்னும் பின்னால். அவருடைய எம்ஆர்ஐ படத்தைத் திரையில் வைத்துக் கருவியின் முனை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் இறங்குவார்கள்.

'பழைய மனிதராகத் திரும்புவாரா' என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அவருடைய குணம் மாறிவிடுமோ என்ற பயத்துக்கு இந்த வழியில் பெரிய இடமில்லை. கவனிக்க வேண்டியது ஞாபக சக்தி. கட்டியை ஒட்டியே ஃபோர்னிக்ஸ் என்ற நினைவுப் பாதை ஓடுகிறது. அதில் காயம் பட்டால் புதிதாகக் கேட்டது மனதில் நிற்காது. பலருக்கு இது தற்காலிகம், சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. மறைக்க விரும்பவில்லை. அறுவை மருத்துவரிடம் வீடியோவைக் காட்டி வாதாடுவதை விட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வழியாகப் போகிறீர்கள், இந்தக் கட்டியை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறீர்கள்? நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பனடோல் அளவோடு போட்டால் தலைவலி குறையும், ஆனால் அடைப்பு திறக்காது. வலி இல்லை என்ற தைரியத்தை மட்டும் அது கொடுக்கும். அது பலிக்கவில்லை என்று ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் பக்கம் போய்விடாதீர்கள். அறுவையின்போது ரத்தம் நிற்காமல் வம்பு செய்யும். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடட்டும். லேகியத்தை நிறுத்துங்கள், சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடி? பெரும்பாலும் கீறும் இடத்தில் ஒரு பட்டை மட்டும்தான்.

சென்னையில் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவானில் அவர் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினால், அங்கே யார் வந்து துளை போடுவார்கள்? இங்கேயே செய்துகொள்ளுங்கள்.