கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கால்பந்து வீரர் அரசியலில் தேறுவாரா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: லைபீரியாவின் ஜார்ஜ் வியா தேறினார், ஆனால் எடுத்தவுடனே இல்லை. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கிய ஒரே ஆப்பிரிக்கர் (1995). 2005 அதிபர் தேர்தலில் தோல்வி. படிப்பு போதாது என்ற ஏச்சு வேறு. மனிதர் போய்ப் படித்துவிட்டு வந்தார். 2014-இல் செனட்டராகத் தேர்வு, 2018-இல் அதிபர். 2023-இல் மயிரிழையில் தோற்றபோது, எதிராளிக்குத் தானே போன் போட்டு வாழ்த்தினார். அவருடைய கோல்களைவிட அந்த போன்தான் எனக்குப் பிடிக்கும்.

நம் இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியா? டார்ஜிலிங், சிக்கிம் என்று நின்ற இடமெல்லாம் தோல்வி. 2024-இல் தேர்தல் அரசியலே வேண்டாமென்று விலகிவிட்டார்.

அப்புறம், நானும் புதுச்சேரி லாஸ்பேட்டை மைதானத்தில் கோல் காத்தவன்தான். கால் நடுவே பந்து போன கதையை டீக்கடையில் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?