கன்று நட மட்டும் கூப்பிடுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

நான் கடலோரக் கிராமத்துக்காரன். பருவநிலை மாற்றத்துக்கான திட்டம் என்று போன வருடம் எங்களை அழைத்து அலையாத்திக் கன்று நடச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டது. மக்கள் பங்கேற்பு என்பது இவ்வளவுதானா? எங்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ர., நாகை மாவட்டம்

அன்புள்ள ர.,

கன்று ஏன் பட்டது என்று யாராவது வந்து பார்த்தார்களா?

பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு அழிந்ததற்கு மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து இறங்கியபோது வேறு கதை தெரிந்தது. வெள்ளைக்காரர் காலம் தொட்டு அரசே காட்டைக் கூறு போட்டு, முறை வைத்து, மொட்டையாக வெட்டியிருக்கிறது. மரம் போன சேறு வெயிலில் காய்ந்து, அமுங்கி, தொட்டி போலப் பள்ளமாகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும்போது, உள்ளே ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்கேயே நின்று வற்ற, உப்புதான் ஏறிக்கொண்டே போனது. அதில் எத்தனை கன்று நட்டால் என்ன?

அதனால் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே பெரியது, இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதநீர் வந்துபோக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது, கன்று பிழைத்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான். ஊர்க் குழுவில் வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர்க் கூட்டங்களில் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

2004 சுனாமியில் பிச்சாவரத்து ஊர்களைக் காடு காப்பாற்றியது என்று எல்லோரும் எழுதினோம். ஊர்கள் மேட்டில், கடலிலிருந்து தள்ளி இருந்ததுதான் காரணம் என்று மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. 2018 கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே பலமாக அடிவாங்கியது. ஆகவே காட்டை மந்திரக்கோலாக நினைக்கவேண்டாம். அதேபோல, தாத்தா காலத்து அனுபவம் மட்டுமே போதும் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று உங்கள் ஊர் மீனவருக்குத் தெரியும். உப்பை அளக்கவும், கடல்மட்டம் எவ்வளவு ஏறும் என்று கணிக்கவும் ஆய்வாளர் வேண்டும். உங்களைக் கேட்கவேண்டியது இடம் தேர்வு செய்யும்போது. கன்று லாரியில் வந்து இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வாய்க்காலில் வண்டல் படியும், தூர்வாராவிட்டால் பழைய கதைதான். திட்டப் பணமோ சில வருடத்தில் நின்றுவிடும். அப்புறம் யார் வாருவது? ஊர்க் குழுவின் கையில் அதற்கான பணமும், செலவழிக்கும் உரிமையும் இல்லையென்றால் அது வெறும் கூலிவேலை, பங்கேற்பு இல்லை.

மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடும். பட்டுப்போன இடத்துக்கு ஓதநீர் போய் வருகிறதா, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேளுங்கள். பராமரிப்புப் பணத்தை ஊர்க் குழுவிடம் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.