மாற்றுமுகவரிப் பட்டியலைத் தரவுத்தளத்தில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் ஏறத்தாழ 600 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சங்கத்தின் டொமைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி கொடுத்து, அதற்கு வரும் அஞ்சலை அவரவர் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடுகிறோம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் ஓடும் சேவையகத்தில் இந்த மாற்றுமுகவரிப் பட்டியல் ஓர் உரைக்கோப்பாக இருப்பதால், யார் முகவரி மாறினாலும் நான்தான் உள்ளே நுழைந்து திருத்த வேண்டியிருக்கிறது. இதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். உரைக்கோப்பைத் திருத்திய பிறகு ஒவ்வொரு முறையும், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். அதை மறந்தால் பழைய பட்டியலே நடைமுறையில் இருக்கும். தரவுத்தளத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அஞ்சல் வரும்போதெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் தானே வினவிக்கொள்வதால், அட்டவணையில் ஒருவருக்குரிய வரிசையைத் திருத்திய அடுத்த நொடியில் வரும் அஞ்சலே புதிய முகவரிக்குப் போய்விடும். அட்டவணைக்கு மூன்று பத்திகள் போதும்: சங்க முகவரி, போய்ச் சேர வேண்டிய முகவரி, நடப்பில் உள்ளதா என்ற குறி. விலகிய உறுப்பினரின் வரிசையை அழிக்காமல் அந்தக் குறியைச் சுழியமாக்கி வைப்பதே நல்லது. அவர் பெயர் வேறொருவருக்குத் தவறிப்போய் வழங்கப்படாது.

பலரும் விழும் குழி ஒன்று உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் முழு முகவரியைத் தேடும். அது கிடைக்காவிட்டால், கடைசியாக, பெயர் எதுவானாலும் அந்த டொமைனுக்கு வரும் எல்லா அஞ்சலையும் பிடிக்கும் பொதுவரிசை இருக்கிறதா என்று பார்க்கும். எழுத்துப் பிழையோடு வரும் அஞ்சல்களும் வீணாகக் கூடாது என்று நினைத்து, அப்படியொரு பொதுவரிசையைச் செயலாளர் பெயருக்கு வைத்தீர்கள் என்று கொள்வோம். பொருளாளருக்கு அதே சேவையகத்தில் சொந்த அஞ்சற்பெட்டி இருந்தும் மாற்றுமுகவரி அட்டவணையில் வரிசை இல்லையென்றால், அவருக்கு வரும் அஞ்சல் முழுவதும் செயலாளரிடம் போய்விடும். பெட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் தன் முகவரியைத் தனக்கே சுட்டும் வரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டால் இது தீரும். என்னைக் கேட்டால் பொதுவரிசையே வேண்டாம். அது குப்பை அஞ்சலுக்குத் திறந்துவைத்த வாசல்.

தரவுத்தளம் படுத்துவிட்டால் அஞ்சல் தொலைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தற்காலிகப் பிழை என்றுதான் அனுப்புநருக்குச் சொல்லும். எதிர்முனைச் சேவையகம் அஞ்சலைத் தன்னிடமே வைத்திருந்து மீண்டும் முயலும். வினவலுக்கான தரவுத்தளப் பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அவருடைய கடவுச்சொல் அமைப்புக்கோப்பில் வெளிப்படையாகவே இருக்கும் என்பதால், அக்கோப்பை எல்லோரும் படிக்க முடியாதபடி பூட்டிவையுங்கள். நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், அதே போஸ்ட்மேப் கட்டளைக்கு ஒரு முகவரியைக் கொடுத்து வினவச் சொல்லிப் பாருங்கள். சேர வேண்டிய முகவரி திரையில் வந்தால் இணைப்பு சரி.

கேள்வி: திருப்பிவிடும் அஞ்சல்களில் சில, ஜிமெயில் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. இதுவும் பட்டியலின் கோளாறா?

பதில்: இல்லை. பட்டியலை எங்கே வைத்தாலும் இது வரும். உண்மையில் உங்கள் கவனம் போக வேண்டிய இடமும் இதுதான். ஒரு வங்கி உங்கள் உறுப்பினருக்கு அஞ்சல் அனுப்புகிறது என்று கொள்ளுங்கள். தன் பெயரில் எந்தெந்தச் சேவையகங்கள் அஞ்சல் அனுப்பலாம் என்பதை அந்த வங்கி தன் டொமைனின் எஸ்பிஎஃப் என்ற பொதுப் பதிவில் அறிவித்திருக்கும். நீங்கள் திருப்பிவிடும்போது, உறையில் (சேவையகங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும், கடிதத் தலைப்பில் இருந்து வேறான முகவரித் தகவலில்) அனுப்புநராக வங்கியின் முகவரி இருக்க, கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் சேவையகம். அதன் ஐபி எண் (இணைய முகவரி எண்) வங்கியின் அறிவிப்பில் இல்லாததால், ஜிமெயில் செய்யும் எஸ்பிஎஃப் சோதனை தோற்கிறது. எஸ்ஆர்எஸ் என்ற முறை உறையின் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும். திரும்பி வரும் பிழை அஞ்சலையும் உரியவருக்கே சேர்க்கும். போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற சிறு மென்பொருளை நிறுவினால் இது கைகூடும்.

ஆனால் வங்கி டிமார்க் கொள்கை (தலைப்பில் உள்ள தன் டொமைன் சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்யலாம் என்ற அறிவிப்பு) வைத்திருந்தால் எஸ்ஆர்எஸ் மட்டும் போதாது, ஏனெனில் மாற்றி எழுதிய உறை முகவரி கடிதத் தலைப்பில் உள்ள வங்கியின் டொமைனோடு பொருந்தாது. அங்கே கைகொடுப்பது வங்கி இட்ட டிகிம் என்ற மின்னணுக் கையொப்பம்தான். கடிதத்தின் உள்ளடக்கம் மாறாதவரை அது செல்லுபடியாகும். ஆகவே பொருள் வரியில் சங்கத்தின் பெயரைச் செருகுவது, அடியில் ‘சங்கத்தின் வழியாக’ என்று ஒரு வரி சேர்ப்பது போன்ற ஆசைகளைக் கைவிடுங்கள். குப்பை அஞ்சலையும் திருப்பிவிடுவதற்கு முன்பே வடிகட்டிவிடுங்கள். இல்லையேல் அதை அனுப்பியவர் என்ற பழி உங்கள் சேவையகத்தின் மேல் விழும்.