ஆங்கிலக் கவிதைகளில் ‘ஓவர்’ என்பது ஏன் ‘ஓர்’ ஆகிறது?

பழைய ஆங்கிலக் கவிதைகளில் ‘ஓவர்’ என்னும் சொல் ‘ஓர்’ என்றும், ‘நெவர்’ என்பது ‘நேர்’ என்றும், ‘இட் இஸ்’ என்பது ‘டிஸ்’ என்றும் சுருங்கி நிற்பதே செய்யுட்குறுக்கம். விடுபட்ட ஒலியின் இடத்தை ஒரு மேற்குறி (’) காட்டும். இதற்குக் காரணம் யாப்பு. ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட புகழ்பெற்ற கல்லறை இரங்கற்பாவில் அடிக்குப் பத்து ஒலியசைகள். மாடுகள் புல்வெளியின் மேல் மெல்ல நடந்து செல்லும் அடியில் ஈரசையான ‘ஓவர்’ வந்திருந்தால் பதினோர் அசையாகி, அந்த அழகிய மாலைநேர நடையே இடறியிருக்கும் என்பதால் அங்கே ஓரசையான ‘ஓர்’ நிற்கிறது. நாம் பேச்சில் ‘வந்துவிட்டான்’ என்பதை ‘வந்துட்டான்’ என்று சுருக்குவது போன்றதுதான் இது; ‘டிஸ்’ கூட ஒரு காலத்தில் அன்றாடப் பேச்சில் வழங்கிய வடிவமே. ‘அடிக்கடி’ என்று பொருள்படும் ‘ஆஃபன்’ என்பதன் குறுக்கமாகப் பலர் கருதும் ‘ஆஃப்ட்’ மட்டும் குறுக்கமே அன்று. அதுவே மூத்த வடிவம், ‘ஆஃபன்’ பின்னர் அதிலிருந்து நீண்டு வந்தது.