கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் முழுக்க மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் மட்டுமே நடத்தினேன். திங்களன்று ஈர்க்குச்சிக் கட்டுகள், செவ்வாயன்று புளியங்கொட்டை. புதனன்று காலையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பாதி வகுப்புக்குக் கண் சொக்கியது. வியாழக்கிழமை செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதிலேயே போயிற்று. சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளியன்று தேர்வு வைத்தால், 9 பேரில் 4 பேர்தான் 52-இலிருந்து 27-ஐச் சரியாகக் கழித்தார்கள். நடுவில் ஒரு சிறுமி, "கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டாள். பேசாமல் கணக்கைப் போடு என்று உட்கார வைத்தேன்.

ஒரு வாரம் வீணாகிவிட்டதா ஐயா? தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைவர அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் பற்றித் தங்கள் கருத்து என்ன? நான் படிக்க வேண்டிய கல்வி நூல்களையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள டீச்சர்,

வாரம் வீணாகவில்லை. நால்வர் போட்டுவிட்டார்கள், மற்ற ஐவரும் போட்டுவிடுவார்கள். எண்ணும் எழுத்தும் பற்றி, 2022-இல் அது தொடங்கிய நாளிலிருந்து ஆளாளுக்குச் சொல்லியாயிற்று. பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயராவது அழகாக வைத்திருக்கிறார்கள். செயலியைத் திட்ட உங்களுக்குச் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் எதற்கு?

ஆனால் அந்தச் சிறுமியை உட்கார வைத்தீர்களே, அதைப் படித்த கணத்திலிருந்து உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். ஐந்து நாளில் அந்த வகுப்பில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அது. அதைப் போய் வேடிக்கை போல எழுதுகிறீர்கள்.

கடன் என்றால் என்னவென்று அந்த வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். மகளிர் குழுத் தவணை நாள் நெருங்கினால் வீட்டில் பேச்சு எப்படிக் குறைந்துபோகும் என்று பார்த்து வளர்கிறவர்கள் இவர்கள். நீங்களோ கரும்பலகையில் இரண்டை எழுப்பி, பக்கத்திலிருக்கும் ஐந்திடம் கடன் வாங்கச் செய்கிறீர்கள். அது பன்னிரண்டாகிறது, கணக்கு முடிகிறது, மணி அடிக்கிறது. ஐந்துக்கு யார் பதில் சொல்வது?

போன வாரம்தான் ஒரு மளிகைக் கடையில் இதே நினைப்பாக நின்றிருந்தேன். 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் கடைப்பையனிடம் கொடுத்து, "எதிர்க்கடையில் மாற்றிக்கொண்டு வா" என்றார். ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள் வந்தன. அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. நீங்கள் வகுப்பில் செய்வதும் இதுதான். ஐந்து பத்துகளில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறீர்கள். பாடநூலில் 'இனமாற்றம்' என்றுதானே அச்சிட்டிருக்கிறது? ஆசிரியர்களின் வாயில்தான் இன்னும் கடன் உட்கார்ந்திருக்கிறது. திங்களன்று ஈர்க்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டினீர்கள் அல்லவா, அப்போது 'சில்லறை மாற்றுகிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்று. அந்தப் பிள்ளை கேட்டது போலவே கடனைத் திருப்பிக் கொடுக்கிற கழித்தல் ஒன்று உண்டு. என் தாத்தா பெட்டிக்கடை வைத்திருந்தார். கடைப் பலகையில் சாக்பீஸால் கணக்குப் போடும்போது, "மேலே பத்து வாங்கினாயா, கீழே ஒன்று கொடு" என்று முணுமுணுப்பார். 52-இல் 27. இரண்டைப் பன்னிரண்டாக்கி ஏழைக் கழித்தால் ஐந்து. மேலிருக்கும் ஐந்தைத் தொட மாட்டார். கீழிருக்கும் இரண்டை மூன்றாக்குவார். ஐந்தில் மூன்று போனால் இரண்டு. விடை 25. இங்கிலாந்துப் பள்ளிகளில்கூட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த முறை புழக்கத்தில் இருந்தது.

மூன்றாம் வகுப்பில் நான் அப்படிப் போட்டேன். பத்துக் கணக்கும் சரி. வாத்தியார் பத்தையும் அடித்து, "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். தாத்தா என்று சொல்ல நாக்கு எழவில்லை. சிலேட்டை அழிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கடையில் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விடை சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி வெற்றிலைக் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார். அந்த முறை ஏன் சரியாக வருகிறது என்று அவருக்கும் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்கே நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் அது பிடிபட்டது. அப்பாவுக்கு 52 வயது, மகனுக்கு 27. வித்தியாசம் 25. பத்து ஆண்டு போகட்டும். அப்பாவுக்கு 62, மகனுக்கு 37. வித்தியாசம் அதே 25 தான். தாத்தா செய்தது இவ்வளவே. மேலே பத்தை ஒன்றுகளாகச் சேர்த்தார், கீழே அதே பத்தை ஒரு பத்தாகச் சேர்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடியதால் விடை நகரவில்லை. இதை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாதா? வயதுக் கணக்குப் போடாத வீடு எது?

உடனே இந்த முறையை வகுப்பு முழுக்க நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். இப்போதுதான் தட்டுத் தடுமாறி நடக்கிற ஐந்து பேர் குழம்பிப்போவார்கள். அவளுக்கு மட்டும் போதும். திங்கட்கிழமை அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "ஆமாம், கொடுக்கத்தான் வேண்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சிரித்தவர்களும் கேட்கட்டும். பிறகு சாக்பீஸை அவள் கையில் கொடுங்கள்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள், இன்னொரு நாள் எழுதுகிறேன். அவள் அடுத்து என்ன கேட்டாள் என்று முதலில் நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்.