டிரஸ்ட் நடத்துபவர் சம்பளம் வாங்கலாமா?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 34. தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நான்கு வருடங்களாக, மாலை நேரங்களில் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இணையம் சொல்லித் தருகிறேன். வாட்ஸ்அப், யூடியூப் தாண்டியும் இணையம் இருக்கிறது, அது எல்லோருக்கும் பொதுவானது என்பதுதான் என் பாடம். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்ய விரும்புகிறேன். ஆனால் டிரஸ்ட் ஆரம்பித்தவர் அதில் சம்பளம் எடுக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு வேறு வருமானம் இல்லை. டிரஸ்ட், 12ஏ, 80ஜி, தர்பன், சிஎஸ்ஆர், எஃப்.சி.ஆர்.ஏ. எல்லாவற்றையும் 60 நாளில் 75,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். 40 லட்சம் சிஎஸ்ஆர் நிதியும் வாங்கித் தருவாராம், அதில் 30 சதவீதம் அவருக்கு. 10,000 ரூபாய் முன்பணமும் ஆதார், பான் நகல்களும் கொடுத்துவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் கனடாவில் இருக்கும் சித்தியும் மாதாமாதம் பணம் அனுப்பத் தயார். என்ன செய்யலாம்?

பதில்: சம்பளம் வாங்கலாம். உங்கள் முதல் கவலை இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரஸ்டை ஆரம்பித்தவருக்கோ அவருடைய உறவினருக்கோ டிரஸ்டின் பணம் சும்மா போகக் கூடாது என்பதுதான் வருமான வரிச் சட்டத்தின் கவலை. செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் தருவதை அது தடுக்கவில்லை. நியாயமானது என்றால், அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அந்த அளவு.

அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். டிரஸ்ட் பத்திரத்திலேயே, அறங்காவலர் முழுநேரப் பணி செய்தால் ஊதியம் பெறலாம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அப்புறம், உங்கள் சம்பளத்தை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. மற்ற அறங்காவலர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் கூட்டத்திலிருந்து விலகியிருந்தீர்கள் என்பது மினிட் புத்தகத்தில் பதிவாக வேண்டும். கணவர், தம்பி, மாமனார் என்று வீட்டு ஆட்களை மட்டும் அறங்காவலர்களாகப் போட்டால் இந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு இருக்காது. உறவில்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். உங்களிடம் படித்த குழுத் தலைவிகளில் இரண்டு பேரைச் சேர்க்கலாமே. சம்பளம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் வர வேண்டும்.

இங்கேதான் பலர் முதல் குழியில் விழுகிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் டிரஸ்ட் பத்திரம் தயாராகவே இருக்கும், பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பத்திரத்தில் நோக்கங்கள் மட்டும் நான்கு பக்கம். பசு காப்பகத்தில் தொடங்கி இலவசத் திருமணம் வரை எல்லாம் இருந்தன. அந்தத் தம்பி உண்மையில் நடத்தியதோ ஒரு சின்ன நூலகம். அதே பத்திரத்தின் ஏழாவது பக்கத்தில், 'அறங்காவலர்கள் எவ்வித ஊதியமும் இன்றிப் பணிபுரிவார்கள்' என்று ஒரு வரி. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று வருடம் சம்பளம் எடுத்திருந்தார். பதிவான டிரஸ்டின் நோக்கங்களை மாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டி வரும், மாற்றினாலும் வருமான வரித் துறைக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நோக்கங்கள் பகுதியில் 'கல்வி' என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். பள்ளி, கல்லூரி போல முறையாக நடப்பதைத்தான் வரிச் சட்டம் கல்வி என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் வேலை பெரும்பாலும் 'பொதுப் பயன்' என்ற வகைக்குள்தான் வரும். அந்த வகையில், கட்டணம் வாங்கிச் செய்யும் வேலைகளின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சிக் கட்டணத்தை நம்பியே சம்பளம் எடுக்கத் திட்டமிட்டிருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரஸ்ட் வேண்டாம், லாப நோக்கமில்லாத 'பிரிவு 8' கம்பெனி ஆரம்பியுங்கள், கௌரவமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதன் சாசனத்தில், உறுப்பினருக்கு ஊதியம் கிடையாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். நீங்களே பங்குதாரராகி நீங்களே சம்பளமும் எடுக்க நினைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களின் செலவும் அதிகம். சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். உங்களுக்கு டிரஸ்டே போதும்.

சரி, அந்த 75,000 ரூபாய் மனிதருக்கு வருவோம்.

12ஏ என்பது டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு, 80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு. இரண்டுக்கும் அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனாலும் எல்லோரும் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள். இந்த எண் மாற்றத்தைக் காட்டியே 'புதிய சட்டத்துக்குப் புதுச் சான்றிதழ்' என்று காசு கேட்பவர்களும் கிளம்புவார்கள், கவனம். தொண்டு அமைப்புகள் தங்கள் விவரங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவதும் இலவசம். அது ஒரு பதிவு எண், அவ்வளவுதான். அரசு உங்களை அங்கீகரித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. என் மேசைக்கு வந்த ஒரு ஃபைலில் அசோகத் தூண் படத்தோடு, தங்க நிற பார்டர் போட்டு, 'நிதி ஆயோக் அங்கீகாரச் சான்றிதழ்' என்று லேமினேட் செய்த அட்டை இருந்தது. அதற்கு 8,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது என்று சொன்னபோது அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு பத்திரத்துக்கான முத்திரை, பதிவுக் கட்டணம், ஒரு வக்கீல் அல்லது ஆடிட்டரின் கூலி. 75,000 வராது.

12ஏ-வில் முதலில் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. அது சுலபமாகவே வந்துவிடும். அதைக் கையில் கொடுத்துவிட்டுப் புரோக்கர் போய்விடுவார். வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பம் போட வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார். கணக்கு, ரசீது, புகைப்படம் என்று அதிகாரி உண்மையாகவே கேள்வி கேட்பது அப்போதுதான். கெடு தேதியை ஆடிட்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். 80ஜி வந்தால் நன்கொடை கொட்டும் என்றும் நம்ப வேண்டாம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை, இன்று பெரும்பாலான சம்பளக்காரர்கள் அந்த முறையில்தான் இருக்கிறார்கள்.

சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் நிதி, அந்த விஷயத்தில் அவர் சொல்வது சுத்தப் பொய். வெளி அமைப்பு ஒன்றுக்குக் கம்பெனி அந்த நிதியைத் தர வேண்டுமானால், அந்த அமைப்பு அதே மாதிரி வேலையை மூன்று வருடமாவது செய்திருக்க வேண்டும். புது டிரஸ்டுக்கு 60 நாளில் 40 லட்சம் எந்தக் கம்பெனியும் தராது. அப்படியானால் அவர் என்ன செய்வார்? 2015-லோ 2016-லோ பதிவாகிச் செத்துக் கிடக்கும் ஒரு டிரஸ்டைத் தூசி தட்டி, உங்களை அதில் தலைவியாக்குவார். பழைய ஆள் கட்டாத வரி, காட்டாத கணக்கு எல்லாம் உங்கள் கழுத்தில் விழும். 30 சதவீதம் கமிஷன் என்பதோ அதைவிட மோசம். அந்தப் பணத்தை எந்தச் செலவாக எழுதுவீர்கள்? பொய் பில் போடாமல் முடியாது. பில்லில் கையெழுத்து உங்களுடையது, பணம் அவருடையது. 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெடித்த 'பாதி விலை ஸ்கூட்டர்' மோசடியை நினைத்துப் பாருங்கள். மீதி விலையைச் சிஎஸ்ஆர் நிதி கொடுக்கும் என்று சொல்லித்தான் ஸ்கூட்டருக்கும் லேப்டாப்புக்கும் பணம் வசூலித்தார்கள். ஊர் ஊராக ஆள் சேர்க்க உள்ளூர் அமைப்புகளையே பயன்படுத்தினார்கள். ஊர்க்காரர்கள் வந்து சட்டையைப் பிடித்தது அந்த உள்ளூர்க்காரர்களைத்தான்.

மத்திய அரசின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் பயிற்சி மையம் வாங்கித் தருகிறேன், தலைக்கு 300 ரூபாய் வரும் என்றும் அவர் சொல்லக்கூடும். அந்தத் திட்டம் 2024 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. இன்னும் அதன் பெயரில் மையம் விற்பவரைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும் இப்போது உங்களுக்கு இல்லை. மூன்று வருடம் இயங்கி, அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆனால் அண்ணன், சித்தி பணம் பற்றிக் கேட்டீர்களே, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். மிக நல்ல மனிதர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதல்ல கேள்வி. அனுப்புபவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் கேள்வி. அண்ணன் சிங்கப்பூரில் 15 வருடமாக இருக்கட்டும், அங்கே நிரந்தர வசிப்புரிமைகூட வாங்கியிருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் இந்தியர். தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இதுவேதான். சித்தி கனடாவின் குடியுரிமை எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி, அவர் சட்டப்படி வெளிநாட்டவர். அவர் தரும் 500 ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். ஊருக்கு வந்து, கோயில் திருவிழாவில் நின்றுகொண்டு, நம்ம ஊர் ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் அப்படித்தான். அண்ணன் இந்தியர், அண்ணி சிங்கப்பூர்க் குடிமகள், இருவருக்கும் கூட்டுக் கணக்கு என்றால் அந்தக் கணக்கிலிருந்து வாங்க வேண்டாம், அண்ணனின் தனிக் கணக்கிலிருந்து வரட்டும். அண்ணன் தன் கம்பெனியின் பெயரில் அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம். நண்பர்களிடம் வசூலித்து மொத்தமாக அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம், அது அவருடைய சேமிப்பு இல்லையே. சித்தி அண்ணனுக்கு அனுப்பி, அண்ணன் உங்களுக்கு அனுப்பும் யோசனையையும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும், சொந்தச் சேமிப்பு என்று ஒரு வரிக் கடிதமும் வாங்கி ரசீதோடு கோத்து வையுங்கள். இதை மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. சித்திக்கு உதவ ஆசை இருந்தால், பாடக் குறிப்பு எழுதித் தரட்டும், வாரம் ஒருநாள் வீடியோவில் வகுப்பு எடுக்கட்டும்.

இத்தனையும் ஒரு கிராமத்து டீச்சருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. எல்லோருக்கும் இணையம் என்று அரசே சொல்கிறது. அதைக் கற்றுத் தர வருபவர் நாலு போர்ட்டலில் நாலு விதமாகத் தன் பெயரை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் இருக்கும். ஆதாரில் இனிஷியல், பானில் அப்பாவின் முழுப்பெயர். இது ஒன்றுக்காகவே விண்ணப்பம் திரும்பி வந்து மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புரோக்கர்கள் பிழைப்பதே இந்த அலைச்சலில்தான். வேறெதற்கும் முன்னால், அறங்காவலர்கள் எல்லோருடைய ஆதாரையும் பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

வேலையை இப்போதே விடாதீர்கள். டிரஸ்டைப் பதியுங்கள், மாலை வகுப்புகளை அதன் பெயரில் நடத்துங்கள். நீங்கள் இதுவரை செய்த நான்கு வருடம் காகிதத்தில் இல்லை, அதனால் மூன்று வருடக் கணக்கு பதிவு நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். வருகைப் பதிவேடு, வந்தவர்களின் கையெழுத்து, செலவு ரசீது, ஆண்டுத் தணிக்கை எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். மூன்று வருடம் கழித்து ஒரு கம்பெனியின் முன் போய் உட்காரும்போது உங்களிடம் இருக்கப்போவது இதுதான். 2015-ல் இணையச் சமநிலைக்காக, அதாவது எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் போனதே, அதை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். 2016 பிப்ரவரி 8-ல், தளத்துக்குத் தளம் வேறுபடும் பாரபட்சக் கட்டணத்தை டிராய் தடை செய்தது, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் நின்றது. அந்தத் தன்னார்வலர்களிடமிருந்துதான் இணைய உரிமைகளுக்காக வாதாடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உருவானது. வேலை முதலில் நடந்தது, அமைப்பு பிறகு வந்தது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் அறக்கட்டளையினரைத் தொடர்புகொள்ளுங்கள். பாடத்துக்கான தமிழ் நூல்கள் அவர்களிடம் இலவசமாகவே கிடைக்கும்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. ஆதார், பான் நகல் கொடுத்தபோது அவர் உங்கள் போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டாரா, வீடியோவில் பெயரைச் சொல்லச் சொன்னாரா? அப்படியானால் உங்கள் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து எடுத்திருப்பார். பென் டிரைவ் போல ஒரு டோக்கன், அது இப்போது அவர் பையில் இருக்கும். அதை வைத்து உங்கள் பெயரில் எதிலும் கையெழுத்துப் போடலாம். முன்பணம் திரும்பி வருகிறதோ இல்லையோ, டோக்கனை முதலில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், கையெழுத்து தயாரானபோது உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த கடிதத்தைத் தேடி எடுங்கள். அதை வழங்கிய நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும், அங்கே எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள். மின்னஞ்சல் எதுவும் வரவில்லையென்றால் அவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறார். அப்போது நேராகக் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.